மேற்பூச்சு

தமிழில் 'மெழுகு' என்னும் சொல்லைப் பெயராகக் கொண்டால் அது தேனடையிலிருந்து எடுக்கும் பொருள். வினையாகக் கொண்டால் தரையைப் பூசித் துப்புரவாக்கும் செயல். பொருளும் செயலும் ஒரே சொல்லில் ஒடுங்கிக் கிடக்கின்றன. அரபு மொழியில் இவ்விரண்டும் தனித்தனியே நிற்கும். மெழுகை 'ஷம்உ' என்பர், பூசினான் என்பதற்கு 'தலா' என்பர், பூசப்படுவது 'திலாஉ'. மாணவர்களுக்கு இச்சொற்களைச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் தமிழின் இந்தச் சிக்கனத்தை நாம் வியந்ததுண்டு. மண் தரை இருந்த நாளில் வீட்டுப் பெண்கள் தரையை மெழுகுவார்கள். ஒருமுறை மெழுகிவிட்டோம், இனி அந்த வேலையில்லை என்று அவர்களில் எவரும் எண்ணியதில்லை. காய்ந்து, வெடித்து, காலடியில் தேய்ந்து போவதற்கென்றே அது பூசப்பட்டது. கீழே உள்ள தரை தேயாமலிருக்க, மேலே உள்ளது தேய்ந்து கொடுத்தது.

படகுக்குப் பூசும் பூச்சும் அத்தகையதே. கடலில் மிதக்கும் எந்தப் பொருளுக்கும் பகைகள் பல. கீழே உப்பு நீர்; மேலே வெயில்; நீர் மட்டத்துக்குக் கீழே பாசியும் கொட்டலசும்; மரமாயின் அதைத் துளைக்கும் கப்பற்புழு. இவற்றுக்கு எதிராக நம் கரையோர மக்கள் கையில் கிடைத்ததையெல்லாம் பூசிப் பார்த்திருக்கிறார்கள். புன்னைக்காய் எண்ணெய், சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெய், முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடிக்கும் கருநிற எண்ணெய், எண்ணெயில் கரைத்த குங்கிலியம், சுண்ணாம்பு என்று அந்தப் பட்டியல் நீளும். பலகைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் வேலையைக் 'கலப்பத்து' என்பார்கள். இச்சொல் போர்ச்சுக்கீசியரோடு நம் கரைக்கு வந்ததென்று அகராதிக்காரர் சொல்வர். போர்ச்சுக்கீசியர் அதை எங்கிருந்து பெற்றார்கள் என்று தேடினால் 'கல்ஃபத' என்னும் அரபு வினையைக் காட்டுவாரும் உளர். பல துறைமுகங்களைச் சுற்றிவந்த சொல், கடைசியில் நம் தச்சர்களின் வாயில் குடியேறிவிட்டது.

அரபு நூல்களிலும் இந்தப் பூச்சு வேலையைப் பற்றிய செய்திகள் உண்டு. பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ ஸைத் என்பவர் 10ஆம் நூற்றாண்டில் எழுதியவற்றில், திமிங்கிலத்தின் கொழுப்பை உருக்கி, வேறு பொருள்களோடு கலந்து, கயிற்றால் தைத்த மரக்கலங்களின் தையல் துளைகளில் பூசியதைக் குறிப்பிடுகிறார். அவரைக் காட்டிலும் விரிவாகச் சொன்னவர் இப்னு ஜுபைர். அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர், 1183ஆம் ஆண்டு செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள ஐதாபில் ஜித்தாவுக்குச் செல்லும் படகுக்காகக் காத்திருந்தார். காத்திருந்த நாள்களை வீணாக்காமல் அங்கே படகு கட்டுவதைக் கூர்ந்து பார்த்தார். 'ஜில்பா' என்னும் அப்படகுகளில் ஆணியே இல்லை. தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைக்கிறார்கள். பேரீச்ச மரத்தின் சிம்புகளை இடுக்குகளில் செருகுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ பூசுகிறார்கள். இம்மூன்றில் சுறா எண்ணெயே சிறந்தது என்று அவர் எழுதுகிறார். சுறாவுக்கு அரபியில் 'கிர்ஷ்' என்று பெயர். குறைஷ் குலத்தின் பெயரே இதிலிருந்து வந்தது என்று கூறும் மொழியறிஞர்களும் இருக்கின்றனர். அது தனிக் கதை.

எண்ணெய் பூசுவதன் நோக்கத்தையும் இப்னு ஜுபைர் விட்டுவைக்கவில்லை. அக்கடலில் பவளப் பாறைகள் மிகுதி. விறைத்த மரம் பாறையில் மோதினால் பிளக்கும். எண்ணெய் ஊறிய மரம் சற்றே வளைந்து கொடுக்கும். ஆக, அந்தப் பூச்சு பார்ப்பவர் கண்ணுக்காக அன்று. படகில் ஏறுபவரின் உயிருக்காக. ஆனால் அதே பக்கங்களில் அவர் வேறொன்றையும் வேதனையோடு பதிந்திருக்கிறார். படகின் விலையை ஒரே பயணத்தில் எடுத்துவிட வேண்டுமென்று ஐதாப் படகுக்காரர்கள் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அடைத்தார்களாம். படகு எங்கள் பொறுப்பு, உயிர் ஹாஜிகளின் பொறுப்பு என்பது அவர்களின் போக்காக இருந்ததாம். நன்றாக எண்ணெய் பூசத் தெரிந்த கைகளுக்கே இந்தப் பேராசையும் இருந்தது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

நம் கரைக்கு வருவோம். கட்டுமரமும் வல்லமும் ஆண்ட இடத்தைக் கண்ணாடி நார்ப் படகுகள் பிடித்துக்கொண்டன. 1980களில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய, உலக உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், அலை வீசும் கரையில் ஏறி இறங்கத்தக்க இத்தகைய படகுகளை வடிவமைத்துப் பரப்ப முயன்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தைச் சூறையாடிய பின்னர், நிவாரணமாக வழங்கப்பட்டவற்றில் பெரும்பகுதி இப்படகுகளே. இன்று மீனவர் பேச்சில் 'பைபர்' என்றால் படகு என்றே பொருள். மரம் வெட்ட வேண்டாம், புழு துளைக்காது, பூசத் தேவையில்லை, காலமெல்லாம் உழைக்கும் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்து பரவிவிட்டது. இவற்றில் கடைசி இரண்டும் சரியல்ல.

அப்படகு செய்யப்படும் முறையைக் கவனித்தால் காரணம் விளங்கும். முதலில் அச்சுக்கு மெழுகு பூசுவார்கள். இல்லையேல் படகு அச்சை விட்டுப் பிரியாது. மெழுகின் மேல் நிறம் கலந்த பாலியெஸ்டர் பிசினை ஒரு படலமாகப் பூசுவார்கள். இதற்கு 'ஜெல்கோட்' என்று பெயர். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது இறுகியபின் கண்ணாடி நார்ப் பாய்களைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். அச்சிலிருந்து பிரித்தெடுக்கும்போது முதலில் பூசிய ஜெல்கோட் வெளிப்புறமாக அமைந்து கண்ணாடிபோல் மின்னும். படகின் பலமெல்லாம் உள்ளேயிருக்கும் நாரில்தான் உண்டு. ஆனால் அந்த நாருக்கும் கடல் நீருக்கும் இடையே நிற்பது அரை மில்லிமீட்டர் தோலே. கல்யாணத்துக்கு உடுத்தும் பட்டுப்போல அது அழகுக்காக என்று எண்ணிவிடக் கூடாது, அதுதான் மேனி.

அந்த மேனியை முதலில் தின்பது கடலன்று, வெயில். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் பிசினின் மேற்பரப்பைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. பளபளப்பு மங்கும், நுண்ணிய துளைகள் தோன்றும், நிறம் வெளுக்கும், கடைசியில் மேற்பரப்பு சுண்ணாம்புபோல் பொடியும். கறுப்புத் துணியால் படகின் பக்கத்தை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் ஜெல்கோட் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெண்மையைவிடக் கருநீலமும் சிவப்பும் அதிகம் சூடேறும். வெளுப்பதும் அவற்றில்தான் பளிச்சென்று தெரியும். பொடிந்ததை மீண்டும் மின்னச் செய்ய ஒரு வழியுண்டு. 'ரப்பிங் காம்பவுண்டு' என்னும் உராய்வுக் குழம்பைத் தேய்த்து, கெட்டுப்போன மேல்படலத்தை எடுத்துவிட்டால் அடியிலிருக்கும் நல்ல பகுதி வெளிவரும். ஆனால் இருப்பது அரை மில்லிமீட்டர் மட்டுமே. ஒவ்வொரு தேய்ப்பும் அந்த முதலிலிருந்து எடுக்கும் செலவு. ஆண்டுதோறும் படகைத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பெருமைப்படுகிறவர், அதன் ஆயுளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கெடுவதற்கு முன்பே மேலே ஒன்றைப் பூசிக் காப்பது அறிவுடைமை. நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வருவது மெழுகு. அதுவும் தேன்மெழுகன்று. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனை, கடும் வெயிலில் தன் ஓலையிலுள்ள ஈரத்தைக் காக்க ஓலையின்மீது மெழுகைச் சுரக்கிறது. ஓலைகளை வெட்டி உலர்த்தி அடித்தால் அது தூளாக உதிரும். 'கார்னௌபா' என்பது அதன் பெயர். ஏனைய இயற்கை மெழுகுகளைவிடக் கடினமானது. உருக வேண்டுமானால் 80 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். தன் ஓலையை வெயிலிலிருந்து காக்க ஒரு மரத்துக்கு அல்லாஹ் கொடுத்த போர்வையை எடுத்து மனிதன் தன் படகுக்குப் போர்த்துகிறான். இம்மெழுகு விலை குறைவு, பூச எளிது, தவறாகப் பூசினாலும் கேடில்லை. குறை ஒன்றே. நம் வெயிலிலும் உப்பிலும் அது இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. துணி துவைக்கும் தூளைக் கரைத்துக் கழுவினால் இன்னும் விரைவில் போய்விடும்.

மெழுகுக்குப் பதிலாக இப்போது 'செராமிக் பூச்சு' என்ற ஒன்று பேசப்படுகிறது. அதை நாம் முதலில் கேள்வியுற்றது நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வாயிலாக. துபாயில், செல்வர்களின் உல்லாசப் படகுகளைத் துப்புரவு செய்து மெருகேற்றும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவர். விடுமுறையில் ஊர் வந்தபோது கைக்கடக்கமான ஒரு புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். செராமிக் என்றதும் நாம் பீங்கான் என்று நினைத்தோம். அவர் சிரித்துவிட்டு, "ஹஜ்ரத், இதுலே களிமண்ணு ஒண்ணும் இல்லே. மணல்லே இருக்கிற சரக்குதான்" என்றார். உண்மைதான். மணலின் முதன்மைப் பொருளாகிய சிலிக்காவைச் சார்ந்த சேர்மங்களைக் கரைப்பானில் கரைத்து வைத்திருக்கிறார்கள். பூசியதும் கரைப்பான் ஆவியாகிவிட, எஞ்சியது இறுகிக் கண்ணாடியை ஒத்த மெல்லிய படலமாகிறது. மெழுகு மேனியின்மேல் படிந்து கிடப்பது. இதுவோ மேனியோடு இரசாயன முறையில் பிணைந்துகொள்வது. எனவே சோப்புக்கும் வெயிலுக்கும் எளிதில் அசையாது. ஒழுங்காகப் பூசினால் ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். நீர் அதன்மேல் தங்காமல் முத்து முத்தாக உருண்டோடும்; அழுக்கும் எளிதில் ஒட்டாது.

'ஒழுங்காகப் பூசினால்' என்றோமல்லவா, சிரமமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அம்மாணவர் தம் தகப்பனாரின் பழைய பைபர் படகுக்கே அதைப் பூசினார். நாம் அசருக்குப் பின் சென்று அருகிருந்து பார்த்தோம். மூன்று நாள் வேலையில் பூச்சு பூசியது ஒரு நாள்கூட இல்லை. முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவினார். பின் வெளுத்த படலத்தை இயந்திரத்தால் தேய்த்தெடுத்தார். ஏனெனில் இப்பூச்சு தன்னடியில் இருப்பதை அப்படியே பூட்டிவிடும். பொடிந்த ஜெல்கோட்டின்மேல் பூசினால் பொடியோடுதான் பிணையும். தேய்த்தபின் எண்ணெய்ப்பசை சிறிதும் இராதபடி ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தார். அதன் பிறகே புட்டியைத் திறந்தார். மென்துணி சுற்றிய சிறு கட்டையில் சில துளிகள் விட்டு, ஒரு முழச் சதுரத்தில் நெடுக்காகவும் குறுக்காகவும் பூசினார். பூசிய இடம் ஓரிரு நிமிடத்தில் வானவில் போல் நிறம் காட்டியது. அந்தத் தருணத்தில் துடைத்துவிட வேண்டும். தவறினால் திட்டுத்திட்டாக இறுகிவிடும், பின் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சுடும் மேனியில் பூசலாகாது என்பதால் கீற்றுக் கொட்டகைக்குள்ளே வேலை நடந்தது. இரவில் பனி படியாதிருக்க மேலே தார்ப்பாயும் கட்டினார். ஒளு செய்வதில் வரிசையும் முழுமையும் பார்க்கச் சொல்லிக் கொடுத்த பிள்ளை, அதே கவனத்தோடு ஒரு கைத்தொழிலைச் செய்வதைக் காண நமக்கு நிறைவாயிருந்தது.

ஆனால் நம் கரை மீனவர்கள் எல்லோரும் இதைப் பூச வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே நாம் சொல்வோம். அம்மாணவரும் இதை மறுக்கவில்லை. துபாய்ப் படகு துறையில் கட்டிக் கிடப்பது. நம் படகோ நாள்தோறும் மணலில் இழுபடுவது. புட்டிகளின் மேல் '9எச்' கடினம் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு. வைரம், பளிங்கு ஆகியவற்றை அளக்கும் கனிம அளவுகோலன்று. அந்த அளவுகோலில் கரை மணலின் பளிங்குத் துகள் 7ஆம் இடத்தில் நிற்கிறது. சில மைக்ரான் கனமுள்ள ஒரு படலம் அதன் முன் என்ன செய்யும்? அடிப்பகுதிக்கும் ஏராவுக்கும் வேண்டியது பூச்சன்று. தேய்ந்ததும் மாற்றக்கூடிய கெட்டியான ஒரு பட்டை. நீரிலேயே கிடக்கும் படகாயின் கொட்டலசைத் தடுக்கும் வேலையும் இப்பூச்சால் ஆகாது. ஒட்டியதைச் சுரண்டுவது சற்று எளிதாகும், அவ்வளவே. அதற்கென்று செம்பு கலந்த வேறு வண்ணங்கள் இருக்கின்றன. இதே வேலைக்கு முன்பு தகரச் சேர்மம் கலந்த வண்ணத்தைப் பூசினார்கள். அது சிப்பி, சங்கு போன்றவற்றின் இனப்பெருக்கத்தையே குலைத்தது தெரியவந்து, 2001இல் செய்துகொண்ட சர்வதேச உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தபோது கப்பல்களில் அதற்குத் தடை விழுந்தது.

பக்கங்களுக்கும் உட்புறத்துக்கும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மெழுகு பூசினால் போதும். அதைவிட முக்கியமானது, கரையேறியதும் ஒரு குடம் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுவது. இராமநாதபுரம் சீமையில் நல்ல தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும். குடிக்கவே குடங்கள் வரிசையில் நிற்கின்றன. மழைக் காலத்தில் பிடித்து வைத்த நீர் இருந்தால் நலம். அதுவும் இயலாவிடில் நிழல் செய்து கொடுங்கள். நான்கு கம்பும் பத்துக் கீற்றும் செய்யும் காவலை எந்தப் புட்டியும் செய்யாது. பிளாஸ்டிக் பாயை மட்டும் மேனியோடு இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். உள்ளே ஈரம் புழுங்கும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறோம். அந்தப் பழைய படகை அம்மாணவர் இத்தனை பாடுபட்டு மெருகேற்றியது கடலில் ஓட்டுவதற்காக அன்று; விற்பதற்காக. தகப்பனாருக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது. மகளின் கலியாணக் கடன் பாதி நிற்கிறது. பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர் கடன் வாங்கி அப்படகை எடுக்க வருவதாகப் பேச்சு. பூச்சு முடிந்த அன்று இரவு, இஷாவுக்குப் பின் மாணவர் நம்மிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். எஞ்சின் மாட்டும் பின்பலகையில் ஒரு விரிசல் இருந்ததாம். வழக்கம்போல் அதில் பிசின் மாவை நிரப்பி, நிறம் ஒத்த ஜெல்கோட் பூசித் தேய்த்து, மேலே செராமிக் பூச்சும் பூசிவிட்டாராம். இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவ்விடத்தைச் சுத்தியலின் பிடியால் தட்டினால் 'டக்' என்ற ஒலியில்லை. 'தொப்' என்று கேட்கிறது. உள்ளேயிருக்கும் ஒட்டுப்பலகை, திருகாணித் துளைகள் வழியே நீர் புகுந்து ஊறியிருக்கிறது என்பது அதன் பொருள். "வாப்பாட்டே சொன்னேன் ஹஜ்ரத். பேசாம இருன்னுட்டாஹ" என்றார்.

மறுநாள் தகப்பனாரே நம்மைத் தேடி வந்துவிட்டார். நம்மைவிட மூத்தவர், ஜமாஅத்தில் முதல் வரிசையில் நிற்பவர். நேர்மை இல்லாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. கடன் நெருக்கும்போது மனிதன் நியாயங்களைத் தேடுவது இயல்பு. "ஹஜ்ரத், அவன் கண்ணாலே பார்த்துத்தானே வாங்குறான்? அரிசிக் கடைக்காரன் கல்லைப் பொறுக்கிட்டுத்தான் விக்கிறான். வீட்டை விக்கிறவன் வெள்ளையடிச்சுத்தான் விக்கிறான். படகைத் தொடைச்சுக் காட்டுனா மட்டும் குத்தமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பாதி சரி; அதை நாம் உடனே ஒப்புக்கொண்டோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்த வரலாறு எல்லோரும் அறிந்ததே. அங்கே குற்றம் தானியம் நனைந்ததன்று. ஈரத்தைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே வைத்தது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில், வாங்குபவரை ஏமாற்றும் தோற்றங்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள் தருகிறார்கள். மடி பெருத்துத் தோன்றப் பாலைக் கறக்காமல் விடுவது ஒன்று. நீராலையின் வாய்க்காலை அடைத்து வைத்து, விலை பேசும் நேரத்தில் திறந்துவிட்டு, ஆலை எப்போதும் அப்படித்தான் சுழலும் என்று எண்ணவைப்பது மற்றொன்று. இவற்றில் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. அடைத்துத் திறந்த அந்த நீரைப் பற்றி ஓதிக் கொடுக்கும்போதெல்லாம், நம் ஊரில் நீராலை இல்லையே, பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று திகைப்போம். இனி அந்தத் திகைப்பில்லை. விற்பதற்கு முந்தின நாள் பூசும் மெழுகு, அடைத்துத் திறந்த நீர்தான். வாங்கியவரின் வீட்டில் அந்தப் பளபளப்பு மூன்று மாதம்கூட இராது. செராமிக் பூச்சை அவ்வாறு சொல்ல முடியாது. அது வாங்குபவரோடு ஓரிரு ஆண்டுகள் இருக்கப்போகும் மெய்யான நன்மை. அதற்கு விலை கேட்பதும் நியாயமே. வெளுத்துப்போன பக்கங்களைத் தேய்த்து மெருகேற்றியதில், தேய்த்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குறையில்லை. இவ்வளவும் அவர் பக்கமே.

பின்பலகை வேறு. வெளுப்பு மேனியின் குறை. இதுவோ எலும்பின் குறை. அதன்மேல் பூசியது எத்தனை உறுதியானதோ அத்தனை நாள் அந்தக் குறை மறைந்திருக்கும். "பிடிக்கலேன்னா திருப்பித் தரட்டுமே, அந்த உரிமை இருக்குன்னு நீங்களே சொல்றீஹளே" என்றார் பெரியவர். நாம் சொன்னோம்: "அந்த உரிமை கரையிலே நிக்கிறவனுக்கு. கரையிலேருந்து பத்துக் கல் தொலைவிலே பலகை பிளந்து எஞ்சின் கழன்று விழுந்தா, அவன் யார்ட்டே வந்து திருப்பித் தருவான்?" அவர் பதில் பேசவில்லை. மற்றொன்றையும் நாம் சொல்லியாக வேண்டியிருந்தது. குறையை அறிந்திருந்தும் மறைப்பது விற்பவருக்கு மட்டும் விலக்கப்பட்டதன்று. அதை அறிந்த மூன்றாம் மனிதருக்கும் வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லும் கடமை உண்டு என்பது நம் ஷாஃபிஈ நூல்களின் தீர்ப்பு. மாணவர் நம்மிடம் வந்து சொன்ன கணத்திலேயே அந்தச் சுமை நம் தோளிலும் ஏறிவிட்டது. "நீங்க சொல்லலேன்னா நாங்க சொல்லியாகணும் காக்கா. அந்த நெலைமைக்கு எங்களை ஆளாக்காதீஹ" என்றோம். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அவரிடம் நாம் இப்படிப் பேசியதில்லை. அவர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சலாம் சொன்னாரா என்பதுகூட நம் காதில் விழவில்லை.

வாங்குபவர் வெள்ளிக்கிழமை வந்தார். படகின் பளபளப்பைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. மாணவர் ஒன்றும் பேசாமல் ஒரு சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வரச் சொன்னார். பின்பலகைக்கு வந்ததும் ஒலி மாறியது. "இங்கே உள்ளே ஊறியிருக்கு மச்சான். மேலே நான்தான் பூசி மூடினேன். பலகையை மாத்தாம எஞ்சின் மாட்டாதீங்க" என்றார். பெரியவர் கொட்டகையின் மறுபக்கம் கடலைப் பார்த்தபடி நின்றிருந்தார். பேசி முடித்திருந்த விலையில் 20,000 ரூபாய் குறைந்தது. அத்தொகைக்குரிய கடன் இன்னும் நிற்கிறது. மாணவர் துபாயிலிருந்து மாதந்தோறும் அனுப்பி அடைத்து வருகிறார்.

வாங்கியவர் தச்சரை அழைத்துப் பின்பலகையைப் பிரித்தார். ஒட்டுப்பலகை ஈரப் பொட்டுப்போல் கையோடு வந்ததாம். புதுப் பலகை வைத்து, திருகாணித் துளைகள் ஒவ்வொன்றிலும் பிசின் ஊற்றி அடைத்து, ஒரு மாதம் கழித்தே கடலில் இறக்கினார். பெரியவர் சில வாரங்கள் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின், பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பில் சிமெண்டுப் பூச்சு உதிர்ந்திருப்பதைக் காட்டி, அதை எப்போது பூசப்போகிறீர்கள் என்று நம்மிடம் கேட்டார்.